வயலின்: தனி வாத்தியாரா, இசைப்பள்ளியா, ஆன்லைனா?

விஜயதசமிக்கு மூன்று வாரம் இருக்கும்போது யாராவது ஒருவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். இந்த வருஷம் கேட்டவர் எங்கள் அபார்ட்மெண்டில் மேல்மாடிக்காரர். மகளுக்கு எட்டு வயது, வயலின்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவரும் அலைந்து விசாரித்து மூன்று இடங்களைக் குறித்து வைத்திருந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு மாமி, வாரம் இரண்டு நாள், மாதம் 2,500 ரூபாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் இசைப்பள்ளி, அதுவும் வாரம் இரண்டு நாள், மாதம் 1,200. மூன்றாவது ஆன்லைன், வாரம் ஒரு வகுப்பு, வகுப்புக்கு 700.

"பள்ளிதான் சார் சல்லிசா இருக்கு. அங்கேயே சேத்துடவா?" என்றார்.

அது சல்லிசு இல்லை என்றேன். ஏன் என்பது மாடிப்படியில் நின்று பேசி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வித்வான் இல்லை. மகளை இந்த மூன்று வகையிலும் சேர்த்துப் பார்த்தவன், முப்பத்தெட்டு வயதில் தானும் வில்லைப் பிடித்துத் திணறியவன், அவ்வளவுதான். பேசப்போவது கர்நாடக வயலின் பற்றி. மேல்நாட்டு வாசிப்பைப் பற்றிப் பிற்பாடு கொஞ்சம்.

## எதை வைத்து எடை போடுவது?

வீணையில் விரல் இடத்தைக் காட்டும் மெட்டு இருக்கிறது, ஹார்மோனியத்தில் கட்டை இருக்கிறது. வயலினில் விரலை எங்கே வைப்பது என்பதற்கு ஓர் அடையாளமும் கிடையாது, வழவழவென்று ஒரு கறுப்புப் பலகைதான். முதல் பாடமே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஏழு ஸ்வரங்களிலும் ஏறி இறங்குகிற பயிற்சி. அதில் ரிஷபம் (ரி) ஸட்ஜத்தை (ச) ஒட்டி உட்காரும், காந்தாரம் (க) மத்யமத்தை (ம) ஒட்டி உட்காரும். விரல் ஒரு நெல்லளவு நகர்ந்தால் அபஸ்வரம். குழந்தைக்கு அது தெரியாது. தெரியாமல் ஒரு மாதம் வாசித்தால் அந்த அபஸ்வரமே சரி என்று காது பழகிவிடும். அப்புறம் அதைப் பிடுங்கி எடுப்பது புதிதாகக் கற்றுத்தருவதைவிடக் கஷ்டம்.

ஆகவே முதல் அளவுகோல், வாத்தியார் உங்கள் குழந்தையின் வாசிப்பை மட்டும் கேட்டுத் திருத்துகிற நேரம் மாதத்துக்கு எத்தனை நிமிடம் என்பது. வகுப்பின் நீளம் இதில் கணக்கே இல்லை.

இரண்டாவது, சுருதி சேர்ப்பது யார்? நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று சேர்க்க வேண்டும். ஆரம்பத்தில் மாணவருக்கு இது வராது. மழைக்காலத்தில் பிருடை (தந்தியை முறுக்குகிற மர முளை) ஊறி இறுகிக்கொள்ளும், வெயிலில் தளர்ந்து வழுக்கும். செவ்வாய்க்கிழமை தந்தி இறங்கினால் சனிக்கிழமை வகுப்பு வரை சாதகம் (வீட்டுப் பயிற்சி) நின்றுவிடும், அல்லது அதைவிட மோசமாக, இறங்கிய தந்தியிலேயே சாதகம் நடக்கும்.

மூன்றாவது, பிடி. நம் முறையில் சம்மணமிட்டு, வலது காலைச் சற்றே முன்னால் விட்டு, வயலினின் தலையை அந்தக் கணுக்கால் மேல் வைத்து, மறுமுனையை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவே அணைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்று புள்ளிகளில் ஒன்று பிசகினாலும் இடது கை வயலினைத் தாங்க ஆரம்பித்துவிடும். தாங்குகிற கை கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு, வழுக்கி ஓடாது.

அப்புறம் வகுப்பு விடாமல் நடக்குமா, இது எங்கே கொண்டுபோய்விடும் என்பவை. பணத்தைத் தனி அளவுகோலாக நான் வைக்கவில்லை. திருத்தும் நிமிடத்தால் அதை வகுத்துப் பார்த்தால் போதும்.

மேல்மாடிக்காரரின் கணக்கையே போடலாம். பள்ளியில் ஒரு மணி நேர வகுப்பு, பத்துக் குழந்தைகள். ஒரு குழந்தைக்கு ஆறு நிமிடம், மாதம் எட்டு வகுப்புக்கு 48 நிமிடம். 1,200 ரூபாயை வகுத்தால் நிமிடத்துக்கு 25 ரூபாய். ஆன்லைனில் நாற்பது நிமிடம், நான்கு வகுப்பு, 160 நிமிடம், 2,800 ரூபாய். நிமிடத்துக்குப் பதினேழரை. மாமி வீட்டில் 'தனி வகுப்பு' என்றாலும் ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகள் வந்துபோவார்கள். இருபது நிமிடம்தான் இவளுக்கு என்று வைத்தாலும் மாதம் 160 நிமிடம், நிமிடத்துக்குப் பதினைந்தே முக்கால்கூட வராது. இந்தக் கணக்குப்படி மூன்றில் அதிக விலை அந்தச் சல்லிசான பள்ளிக்குத்தான்.

## வாத்தியார் வீட்டில் தனி வகுப்பு

என் மகள் படித்த மாமி வீட்டில் ஒரு நாள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இவள் ஜண்டை வரிசை (ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வரும் பயிற்சி) வாசித்துக்கொண்டிருந்தாள். மாமி எழுந்து அடுப்படிக்குப் போனார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், காசு கொடுக்கிறோமே என்று. கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே உள்ளேயிருந்து குரல் வந்தது: "காந்தாரம் இறங்கறது, ஏத்து." இவள் விரலை நகர்த்தினாள். இரண்டு ஆவர்த்தம் (தாளச் சுற்று) போனது. "இப்ப நாலாம் விரல் தூங்கறது. எழுப்பு." முகத்தைக்கூடப் பார்க்காமல் எந்த விரல் என்று சொன்னார். நாம் காசு கொடுப்பது இந்தக் காதுக்குத்தான்.

மற்ற இரண்டு குழந்தைகள் வாசிக்கும்போது சும்மா இருக்கிற நேரமும் வீண் இல்லை. அடுத்த வருஷம் தான் வாசிக்கப்போகிற கீதத்தை இவள் இப்போதே கேட்டுக்கொண்டிருப்பாள். மோகன ராகத்தில் 'நின்னுக்கோரி' வர்ணத்தை (வரிசை, கீதம் முடிந்து வரும் பாடம்) என் மகள் கற்க ஆரம்பித்தபோது பாதி ஏற்கெனவே வாயில் இருந்தது, பெரிய பெண்கள் வாசித்துக் கேட்டது. பிருடை வழுக்கினால் மாமி சாக்பீஸை எடுத்து அதில் தேய்ப்பார், இறுகினால் சோப்பு. தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்திருந்தால் நிமிர்த்துவார். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது.

நம்மூரில் இந்த வாத்தியத்தின் கதையே தனி வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் தனியாகப் பாடம் கேட்டுத்தான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். பின்னால் வந்த லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் என்ற வயலின் மேதைகள் மூவருக்கும் முதல் வாத்தியார் அப்பாதான். நாள் முழுக்க வீட்டிலேயே திருத்துகிற காது இருந்திருக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஏதோ வாரம் இரண்டு தடவை.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவு என்ன? முதலாவது விடுமுறை. வாத்தியார் கச்சேரி வாசிப்பவர் என்றால் மார்கழியில் அவரைப் பிடிக்க முடியாது. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை வகுப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வித்வான் என்றால் ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை, அதைத் தொடர்ந்து அமெரிக்கச் சுற்றுப்பயணம் என்று கோடை விடுமுறையும் போய்விடும். அந்த மாதங்களுக்குக் கட்டணம் உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது. கேட்க எல்லோருக்கும் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் பிறகு மனஸ்தாபம் வருகிறது.

இரண்டாவது, நவராத்திரி வெற்றிலை பாக்கு, விஜயதசமி தட்சிணை, தீபாவளிப் புடவை. யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் வெறுங்கையோடு போகவும் மனம் வராது. வருஷக் கட்டணத்தில் இன்னொரு மாதம் கூடுதல் என்று கணக்கு வையுங்கள்.

பெரிய செலவு மூன்றாவதுதான், மாறுவது. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாணி, குரு வழியாக வந்த ஒரு பாடாந்தரம். லால்குடி வழியில் வந்தவர் சாகித்யம் (பாட்டின் சொல்) வில்லில் பேச வேண்டும் என்பார், பரூர் (எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் குடும்பத்து) வழியில் வந்தவர் விரல் ஓட்டத்துக்கும் வில்லின் வீச்சுக்கும் வேறு பயிற்சி தருவார். நாலு வருஷம் படித்துவிட்டு வீடு மாறிப் புது வாத்தியாரிடம் போனால், "வரிசையிலேர்ந்து ஒரு தடவை வாசி பாப்போம்" என்பார். ஆறு மாதம் போய்விடும். வாடகை வீட்டுக்காரர்கள், மாற்றல் ஆகிற வேலைக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு சங்கடமான விஷயமும் உண்டு. பெயர் பெற்ற கலைஞரிடம்தான் சேர்ப்பேன் என்று சிலர் நிற்பார்கள். அங்கே போனால் ஆரம்பப் பாடம் எடுப்பது அவருடைய மூத்த சிஷ்யர். அதில் தப்பில்லை, சொல்லப்போனால் குழந்தைக்கு அதுவே நல்லது. ஆனால் கட்டணம் பெரியவர் பெயருக்கு வாங்கப்படும். வர்ணம் வரை பொறுமையான வாத்தியார், கச்சேரிப் பாட்டான கிருதிக்கு மேல் கலைஞர் என்பது என் கட்சி.

வாத்தியாரே நம் வீட்டுக்கு வருவதும் உண்டு. போக்குவரத்து மிச்சம், கட்டணம் கூடுதல். நாலரைக்கு வருகிறேன் என்றவர் ஐந்தேகாலுக்கு வந்து அடுத்த வீட்டுக்கு ஆறு மணிக்கு ஓடுவார். மற்றவர் வாசிப்பைக் கேட்கிற வாய்ப்பும் இல்லை. வெளியே போக முடியாத பெரியவர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் இதைச் சொல்வேன்.

## இசைப்பள்ளி, குழு வகுப்பு

எங்கள் முதல் தவறு இதுதான். மகளை ஆறு வயதில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம். ஒன்பது குழந்தைகள், முன்னால் சார் உட்கார்ந்து பலமாக வாசிப்பார், பின்னால் இவர்கள் சேர்ந்து வாசிப்பார்கள். கேட்க அருமையாக இருக்கும். விரல் பலகையில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள், பச்சையில் ரி, மஞ்சளில் க. ஏழு மாதம் கழித்து நவராத்திரிக் கொலுவில் இவளைத் தனியாக வாசிக்கச் சொன்னார்கள். சுருதிப் பெட்டியைப் போட்டதும் தெரிந்துவிட்டது. காந்தாரம் முழுக்க இறங்கியிருந்தது. ஸ்டிக்கரில் கண் இருந்தது, காது வேலை செய்யவே இல்லை. சாரின் சத்தத்தில் ஏழு மாதமாக அது யார் காதிலும் விழவில்லை. பிறகு சேர்ந்த மாமி முதலில் ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டார். அந்த ஒரு ஸ்வரத்தை மேலே ஏற்ற நாலு மாதம் ஆனது.

ஆண்டு விழா என்று ஒரு தொகை, உடைக்கு ஒரு தொகை, அவர்கள் சொல்கிற கடையில்தான் வயலின் வாங்க வேண்டும் என்பது, விட்டுப்போன வகுப்புக்கு ஈடு கிடையாது என்பது... இவையெல்லாம் அந்த 1,200-க்கு வெளியே.

ஆனாலும் பள்ளியைத் தள்ளிவிட மாட்டேன். தனியாக உட்கார்ந்தால் சோம்பிப்போகிற குழந்தை, கூட நாலு பேர் இருந்தால் வில்லை எடுக்கும். தாளத்தை விடாமல் சேர்ந்து வாசிக்கும் பழக்கம் அங்கேதான் வரும். ஒரு வாத்தியார் வராவிட்டால் இன்னொருவர் வருவார், மார்கழி என்று கடை மூடாது. அடிப்படை தனியாகக் கற்று இரண்டு வருஷம் ஆன குழந்தைக்கு வாரம் ஒரு குழு வகுப்பு சேர்த்தால் நன்றாகவே இருக்கும். ஒரு வகுப்பில் நாலைந்து பேருக்கு மேல் இல்லாத பள்ளி கிடைத்தால் நான் மேலே போட்ட கணக்கே மாறிவிடும்.

அரசு இசைப்பள்ளியை இதோடு சேர்த்துப் பேசக்கூடாது, அது வேறு. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வயலினுக்கு மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு, ஆனால் அது முழுநேரப் படிப்பு, பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு ஒத்துவராது. அதற்கு மேல் படிக்க சென்னை, திருவையாறு, மதுரை, கோவையில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து இசையே தொழில் என்று தீர்மானித்தவருக்கு, அதுவும் மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் தனிக் கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழுக்காகவே பள்ளியில் சேர்க்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசை லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. தனி வாத்தியாரிடம் படித்தவரும் எழுதலாம்.

## ஆன்லைன்

கொரோனா காலத்தில் மாமியே ஆன்லைனுக்கு வந்தார். முதல் வகுப்பு முழுக்க அவர் கேட்ட ஒரே கேள்வி, "வாசிக்கறியா, நிறுத்திட்டியா?" இவள் நிறுத்தவே இல்லை. நீளமாக ஒரே ஸ்வரத்தில் வில்லை இழுத்தால், ஃபேன் சத்தம் என்று நினைத்து மீட்டிங் செயலி அதை அமுக்கிவிடுகிறது. சுருதிப் பெட்டியையும் அப்படித்தான் விழுங்கும். ஜூமில் அசல் ஒலியை அப்படியே அனுப்புகிற ஏற்பாடு செட்டிங்கில் இருக்கிறது. அதைப் போட்ட பிறகுதான் பாடமே நடந்தது. இதைச் சொல்லித்தராத ஆன்லைன் வாத்தியார் இதுவரை என்னத்தைக் கேட்டுத் திருத்தினார் என்று யோசியுங்கள்.

தாமதம் இன்னொன்று. கண நேரம்தான், ஆனால் இருவரும் சேர்ந்து வாசிக்கவோ தாளம் போடவோ முடியாது. அவர் வாசிப்பார், இவள் வாசிப்பாள், மாறி மாறித்தான். கேமரா முகத்தைக் காட்டினால் விரல் தெரியாது, விரலைக் காட்டினால் வில் தெரியாது. தந்தி இறங்கினால் அந்தப் பக்கத்திலிருந்து "இன்னும் கொஞ்சம் ஏத்து, போதும் போதும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அறுந்த கதை எங்கள் வீட்டில் இரண்டு தடவை. ஆகவே ஆன்லைன் நிமிடம் என்பது நேரில் கிடைக்கிற நிமிடத்தில் பாதி என்று நான் கணக்குப் போடுவேன். அப்படிப் போட்டால் மேலே சொன்ன பதினேழரை முப்பத்தைந்தாகிவிடும். முதல் வருஷத்தில் பக்கத்தில் உட்கார ஒரு பெரியவரும் வேண்டும். அவருடைய நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை.

வர்ணம் வரை வந்துவிட்டவர், சொந்தமாகச் சுருதி சேர்க்கத் தெரிந்தவர், குறிப்பிட்ட ஒரு பாணிக்காகத் தொலைவில் இருக்கும் வாத்தியாரைத் தேடுபவர், இவர்களுக்கு ஆன்லைன் வரப்பிரசாதம். சுற்றுவட்டாரத்தில் வயலின் வாத்தியாரே இல்லாத ஊரில் இருப்பவருக்கும் வேறு வழியில்லை. அப்படி இருந்தால் முதல் ஒரு மாதமாவது, கோடை விடுமுறையிலாவது, நேரில் போய் உட்கார்ந்து பிடியைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். யூடியூபை மட்டும் பார்த்துக் கற்கலாமா என்கிறார்கள். அது பேசும், கேட்காது.

| | திருத்தும் நேரம் | சுருதி, பழுது | தடை எப்போது | யாருக்கு |
|---|---|---|---|---|
| வாத்தியார் வீடு | அதிகம், எத்தனை பேர் என்று பார்க்கவும் | வாத்தியார் பார்த்துக்கொள்வார் | மார்கழி, வெளிநாட்டுப் பயணம் | ஆரம்பிக்கும் குழந்தை, பெரியவர் |
| நம் வீட்டுக்கு வருபவர் | அதிகம், ஆனால் அவசரம் | அவரே | தாமதம், போக்குவரத்து | வெளியே போக இயலாதவர் |
| குழு வகுப்பு | மிகக் குறைவு | வகுப்பன்று மட்டும் | அனேகமாக இல்லை | அடிப்படை முடித்தவர், துணை தேடும் குழந்தை |
| அரசு இசைப்பள்ளி | ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து | பள்ளியில் | ஆண்டு விடுமுறை | இசையைத் தொழிலாக எடுப்பவர் |
| ஆன்லைன் | எண்ணிக்கையில் அதிகம், பலனில் பாதி | நீங்களே | இணையம், மின்வெட்டு | வர்ணம் தாண்டியவர், வாத்தியார் இல்லாத ஊர் |

## மேல்நாட்டு வயலின் என்றால்

வாத்தியம் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. நின்றோ நாற்காலியில் உட்கார்ந்தோ தாடைக்குக் கீழே பிடிக்க வேண்டும், தந்தி சேர்ப்பது ஜி-டி-ஏ-ஈ, பாடம் ஐந்து கோட்டில் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷனில். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் தேர்வுகள் படிப்படியாக எட்டாம் கிரேடு வரை போகும், அதனால் பள்ளியிலும் ஒழுங்கான பாடத்திட்டம் கிடைக்கிறது. இங்கே பள்ளிக்கு நான் சொன்ன குறை அவ்வளவு கடுமையாகப் பொருந்தாது, பல இடங்களில் தனி வகுப்பாகவே எடுக்கிறார்கள். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். தாடையில் பிடித்துப் பழகிய குழந்தை கணுக்காலுக்கு வரும்போது படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

## சேருமுன் ஒரு வகுப்பு

எங்கே சேர்ப்பதானாலும் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். குழந்தையைப் பார்க்காதீர்கள், வாத்தியாரைப் பாருங்கள். தவறு வந்ததும் நிறுத்துகிறாரா, அல்லது வரிசை முடியும்வரை விட்டுவிட்டு "குட்" என்கிறாரா? வாசிக்கப்போவதை முதலில் பாடச் சொல்கிறாரா? பாட வராத ஸ்வரம் விரலிலும் வராது. சுருதிப் பெட்டியோ தம்பூரா ஆப்போ ஓடுகிறதா? விரல் வைக்காமல் வெறும் தந்தியில் வில்லை இழுக்க எத்தனை நாள் வைக்கிறார் என்று கேளுங்கள். "ரெண்டு நாளில் பாட்டு வாசிச்சுடலாம்" என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வயலினை அதற்கு முன் வாங்காதீர்கள். எட்டு வயதுக்கு அரை அளவா முக்கால் அளவா என்பது கையின் நீளத்தைப் பார்த்துத்தான் தெரியும், வளர வளர மாற்றவும் வேண்டும். நிறைய வாத்தியார்கள் வீட்டில் பழைய முக்கால் வயலின் ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கும். கேட்டால் தருவார்கள்.

மேல்மாடிக்காரர் போன சனிக்கிழமை அந்த இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை நாலு பேர் இருக்கிறார்கள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒருத்திதான். இரண்டு நாளையும் வார இறுதிக் காலைக்கே மாற்றித் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். "ஞாயித்துக்கிழமை ஆறரைன்னா சரி. குழந்தை எழுந்துக்குமா?" என்றாராம் மாமி. அதைத்தான் இப்போது வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.